தண்டவாளத்துப் புல்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வரும் பெயர்கள் எல்லாம் மாற்றிய பெயர்கள். நாங்கள் இருக்கும் கிராமத்தின் பெயரையும் சொல்ல மாட்டேன். வெளிநாட்டில், எங்கடின் என்கிற மலைப் பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டலின் கீழ்த்தளத்தில், சலவை அறையில் வேலை செய்கிற யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் என்ன தொழில் செய்தோம் என்பதை மட்டும் நான் மாற்றவில்லை. தொழிலை ஒரு தரம் மாற்றிப் பட்ட பாடே போதும்.

நான் சந்தேகப் பிராணி என்று இவர் சொல்வார். இவர் என்றால் என் கணவர். "உனக்கு உன்ரை நிழலிலையும் நம்பிக்கை இல்லை" என்பார். இருக்கட்டுமே! ஊரில் அரசாங்கக் கந்தோருக்குப் போனால் அங்கிருக்கும் உத்தியோகத்தன் எரிந்து விழுவான். ஆனால் காரியம் ஆகுமா ஆகாதா என்று அந்த முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். இங்கே எல்லோரும் சிரிக்கிறார்கள், கை குலுக்குகிறார்கள், கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொல்கிறார்கள். பிறகு இல்லை என்கிறார்கள். இந்த நாட்டுச் சிரிப்பை எப்படி வாசிப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நேற்றுக் காலை எங்கள் அறை யன்னலுக்குக் கீழே, மலை ரயில் போகிற பாதையோரமாக இரண்டு பேர் நடந்து போனார்கள். முதுகில் மருந்துத் தாங்கி, கையில் குழாய். தண்டவாளத்தில் முளைக்கிற புல்லுக்கு மருந்து அடிக்கிறவர்கள். நான் ஓடிப்போய் யன்னலைச் சாத்தினேன். இவர் கட்டிலில் இருந்தபடி கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரின் முகத்திலும் மூடி இருந்தது. முழங்கை வரை உறை, முழங்கால் வரை சப்பாத்து.

"இப்ப எல்லாம் குடுக்கிறாங்கள்" என்றார்.

எனக்குத்தான் வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

2

இவர் ஊரில் புடவைக்கடையில் நின்றவர். யாழ்ப்பாணப் பட்டணத்துக் கடைத்தெருவில் எங்கள் பக்கத்துச் சனம் கலியாணத்துக்குச் சேலை எடுக்கப் போனால் இவரைத்தான் தேடிப் போகும். கண்ணை மூடிக்கொண்டு துணியை விரலால் தடவி, இது இன்ன நூல், இதில் இவ்வளவு கலப்படம் என்று சொல்லுவார். ஒரு நாளாவது மண்வெட்டி பிடித்திருப்பாரா? வீட்டு முற்றத்தில் ஒரு கத்தரிக்கன்று வைத்தார், அதுவும் பட்டுப்போனது.

எண்பத்து நாலில் இங்கே வந்தோம். எங்கள் மகள் வதனிக்கு அப்போது நாலு வயது. எனக்கு ஹோட்டலில் சலவை வேலை கிடைத்தது. இவரை ஒரு ஒப்பந்தக்காரன் கோடை வேலைக்கு எடுத்தான். ரயில் பாதையிலும் தெருவோரத்திலும் புல் முளைக்காமல் மருந்து அடிக்கும் வேலை. கோடைக்குக் கோடை அதே வேலைதான். மூடியும் இல்லை, உறையும் இல்லை. இவர் கேட்டாராம், இது மனிசருக்கு ஏதும் செய்யுமோ என்று. மேற்பார்வைக்காரன் சிரித்துக்கொண்டே "உப்புத் தண்ணி மாதிரித்தான்" என்றானாம். பாருங்கள், அங்கேயும் சிரிப்புத்தான்.

இந்தப் பள்ளத்தாக்கில் மத்தியானம் ஆனதும் மலோயா என்கிற மலைக்கணவாய்ப் பக்கமிருந்து ஒரு காற்று எழும்பும். நாள் தவறாது. முன்னுக்கு அடிக்கிற மருந்தைத் திருப்பி முகத்திலேயே கொண்டுவந்து போடும். இவர் வீட்டுக்கு வரும்போது சேட்டு நனைந்து, பிசுபிசுத்து, ஒரு மாதிரி மணக்கும். ஹோட்டல் துணிகளோடு போட எனக்கு மனம் வராது. தனியாகக் கையால் தோய்ப்பேன். அந்த மருந்து என்ரை கைக்கும் ஏதும் செய்திருக்குமோ என்று இன்றைக்கும் அடிக்கடி பார்த்துக்கொள்வேன்.

மூன்றாம் கோடையில் இவருடைய காதுக்குப் பின்னாலும் கழுத்திலும் கட்டி கட்டியாகக் கிளம்பியது. காய்ந்தால் இன்னொன்று. பிறகு பாதம் விறைக்கத் தொடங்கியது. அடுத்தது விரல்கள். செருப்புக் கழன்று விழுந்தது தெரியாமல் தெருவில் நடந்து வந்தார் என்றால் பாருங்களேன். கிராமத்து டொக்டர் நல்ல மனிசன். அவரையும் நான் முதலில் நம்பவில்லை. இது சாதாரண நோய் இல்லை, மருந்தால் வந்த வருத்தம், வேலையால் வந்தது, காப்புறுதிக்காரர் பொறுப்பெடுத்து நட்டஈடு தர வேண்டும், விண்ணப்பியுங்கள் என்று அவர்தான் சொன்னார்.

அந்தக் காப்புறுதிதான் எங்களுக்கு இருந்த ஒரே பிடி. வேலை செய்ய முடியாத அகதி என்று இவரை எழுதிவிட்டார்கள் என்றால் எங்களை, வந்த புதிதில் இருந்த அகதி முகாமுக்கே திரும்ப ஏற்றிவிடுவார்களோ என்று பயந்தோம். வதனியின் பள்ளிக்கூடம், என் வேலை, இவருடைய வைத்தியம் எல்லாம் அதில்தான் தொங்கியது.

3

விண்ணப்பித்த நாளிலிருந்து என் சந்தேகத்துக்கு நல்ல வேட்டை.

எங்கடை சனமே முதலில் தொடங்கியது. பாடன் நகரத்தில் ஒரு பிறந்தநாள் வீட்டுக்குப் போனோம். அங்கே ஒருத்தி என் காது கேட்கவே, "புல்லுக்கு அடிச்ச மருந்து மனிசனுக்குப் பிடிக்குமோ? நல்ல நடிப்பு" என்றாள். விரல் விறைத்து இவர் தட்டை நழுவவிட்டபோது பக்கத்தில் நின்றவள்தான் அவள். அன்றைக்கு அவளுடைய கேக்கை நான் தொடவில்லை.

பிறகு எங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள வாங்குப் பலகையில் ஒரு மனிசன் வந்து இருக்கத் தொடங்கினான். கழுத்தில் தூரக்கண்ணாடி. இவர் உண்மையாகவே நொண்டுகிறாரா என்று பார்க்கக் காப்புறுதிக்காரர் அனுப்பிய ஆள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். இவரைக் கடைக்கு அனுப்பும்போது, "இஞ்சருங்கோ, உவன் இருக்கிறான், வடிவா நொண்டுங்கோ" என்றேன்.

"நான் நொண்டத்தானே செய்யிறன்!"

"நொண்டிறியள். ஆனா அங்கையிருந்து பாத்தாத் தெரியாது."

வதனி அவனிடம் நேரே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். அவன் கழுகு பார்க்கிறவனாம். இருக்கலாம். கழுகு பார்க்கிறவன் காப்புறுதியில் வேலை செய்யக் கூடாதென்று சட்டம் இருக்கிறதா என்ன?

வதனி பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து என்னை "மாமி" என்று கூப்பிடத் தொடங்கிய காலமும் அதுதான். இங்கத்தைய பிள்ளைகள் தாயை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "நான் உன்ரை அம்மா, மாமி இல்லை" என்று ஏசினால் சிரிப்பாள். எங்களோடு தமிழில்தான் கதைப்பாள், ஆனால் கோபம் வந்தால் அவர்களுடைய பாஷைதான். அவள் எங்களுக்கு விளங்கக் கூடாதென்றுதான் அப்படிச் செய்கிறாள் என்பது என் எண்ணம். தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ரயிலில் போக வேண்டும், அவளோ பனிச்சறுக்குப் பழகப் போய்விடுவாள்.

ஒரு நாள் ஹோட்டல் வேலைக்காரர் இருக்கிற அறையில் தொலைக்காட்சியில் வியட்நாமில் சண்டை பிடித்த அமெரிக்கப் பட்டாளத்துக்காரரைக் காட்டினார்கள். விமானத்திலிருந்து இலையை உதிர்க்கிற மருந்து கொட்டினார்களாம். அதனால் வருத்தம் வந்துவிட்டது, உதவி தாருங்கள் என்று நடக்க முடியாமல் சில்லு வண்டியில் இருந்தபடி கேட்கிறார்கள். நெஞ்சிலே பதக்கம். மருந்தால்தான் வந்தது என்று நிரூபியுங்கள் என்கிறதாம் அவர்களுடைய அரசாங்கம். வதனி ஒவ்வொன்றாக எங்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"சண்டைக்குப் போனவனுக்கே இந்தக் கதியெண்டா, புல்லுக்குப் போனவனுக்கு என்ன கிடைக்கும்?" என்றார் இவர்.

பிறகு திரையைப் பார்த்தபடியே, "அந்த மருந்துக்குக் கீழை இருந்த வியட்நாம் சனம் ஆரிட்டைக் கேக்குமோ தெரியேல்லை" என்றார். அவர்களைத் தொலைக்காட்சியில் காட்டவில்லை.

4

இப்போது தொழில் மாற்றிய கதைக்கு வருகிறேன்.

எங்களுக்கு முதலே வந்து பாடனில் இருந்த சிவம் அண்ணை, இவருக்குத் தூரத்துச் சொந்தம். ஊரில் புகையிலைத் தோட்டம் செய்த அசல் கமக்காரன். நாங்கள் வந்திறங்கிய கிழமையே அகதி விசாரணைக்கு இவரைத் தயார்ப்படுத்தினவர் அவர்தான். உண்மையில் எங்களுக்குச் சொல்லக் காரணம் இருந்தது. கடைத்தெருவை எரித்தபோது இவருடைய கடையும் போனது, ஆமி இவரைப் பிடித்துக்கொண்டு போய் அடித்தும் விட்டது. ஆனால் அந்தக் காரணம் எல்லோரிடமும் இருந்தது.

"புடவைக்கடையில நிண்டனான் எண்டு சொன்னா உங்களை ஆர் எடுப்பான்? இன்னொரு கடையில போய் நில் எண்டு விட்டுடுவான்" என்றார் சிவம் அண்ணை. "கமக்காரன் எண்டு சொல்லுங்கோ. ஆமிக் காம்பைப் பெரிசாக்கேக்கை தோட்டக் காணி போயிட்டுது எண்டு சொல்லுங்கோ. காணி போனவனுக்குத் திரும்பிப் போக இடமில்லை. அது அவைக்கு விளங்கும்."

தன் வாழ்க்கையையே தூக்கி இவருக்குக் கொடுத்தார். கன்று நடுவது, கிணற்றில் இறைப்பது, பாத்தி கட்டுவது எல்லாம் இவர் பரீட்சைக்குப் படிப்பது போலப் படித்தார். விசாரணையில் இருந்த உத்தியோகத்தர் இவருடைய கையைப் பார்த்தாராம். துணி மடித்த கை, பஞ்சு மாதிரி இருக்கும். அவர் நம்பவில்லையோ என்ற பயத்தில் இவர் சிவம் அண்ணை சொல்லிக் கொடுக்காததையும் சேர்த்துவிட்டார். வெறும் மேலோடு, வெறுங்காலோடு, முதுகில் தாங்கியைச் சுமந்து பத்து வருஷம் தோட்டத்துக்கு மருந்து அடித்தவன் நான் என்று அளந்திருக்கிறார். மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே சொன்னார், அங்கே எழுதிக்கொண்டார்கள். அதற்கான முடிவு வருஷக்கணக்காக வரவில்லை.

பாலர் வகுப்பில் வாய் தவறி ஏதும் சொல்லிவிடுவாள் என்று வதனிக்கும் அதையே சொல்லி வளர்த்தோம். அப்பா கமக்காரன். அவள் தோட்டத்தைப் பற்றிக் கேட்பாள், இவர் சொல்லுவார். அதில் ஒரு கிணறு, ஒரு சிவப்பு நாம்பன் மாடு கூட உண்டு.

இப்போது விளங்குகிறதா எங்கள் இக்கட்டு? வருத்தம் மருந்தால் வந்தது என்று காப்புறுதிக்காரர் ஒத்துக்கொண்டாலும், எந்த நாட்டு மருந்தால் என்று கேட்பார்கள். ஊரில் மருந்தே தொடாதவன் என்று சொன்னால் இந்தக் காப்புறுதி விண்ணப்பம் கைகூடும், ஆனால் அகதி விண்ணப்பத்தில் முரண்பாடு வந்துவிடும். முரண்பாடு என்ற ஒரு சொல்லை வைத்தே எத்தனை பேரை விமானத்தில் ஏற்றினார்கள் என்று எங்கள் சனத்துக்குத் தெரியும்.

காப்புறுதி டொக்டரிடம் போவதற்கு முதல் நாள் இவர் சலவை அறைக்கு இறங்கி வந்து துணிக்கூடையின் மேல் குந்தினார். நான் மேசைத்துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஒன்றை எடுத்துக் கண்ணை மூடித் தடவினார்.

"லினன்" என்றார்.

அது வெறும் பருத்தி. "ஓம்" என்றேன்.

"டொக்டரிட்டை உண்மையைச் சொல்லப் போறன். கடையில நிண்டனான், மருந்து தொடேல்லை எண்டு. காப்புறுதிக் கந்தோர் வேறை, அகதிக் கந்தோர் வேறை. அவை ஆளோடை ஆள் கதைக்க மாட்டினமாம்."

"கதைக்க மாட்டினம் எண்டு ஆர் சத்தியம் பண்ணினது?"

"நெடுகப் பயந்து சாக ஏலாது."

அந்தத் துணியை அவர் இன்னமும் தடவிக்கொண்டிருந்தார். நான் சரி என்றேன்.

5

அந்தக் காப்புறுதி டொக்டர் இருந்தது கூர் நகரத்தில். பள்ளிக்கூட விடுமுறை என்பதால் வதனியையும் கூட்டிக்கொண்டு போனேன். அவளைக் கொண்டு போனதற்கு உண்மையான காரணம் வேறு. மொழிபெயர்ப்பாளரை அவர்களே பிடித்துத் தருகிறார்கள் என்றால் அவன் யாருடைய ஆள்? "அவன் சொல்லுறதை வடிவாக் கேள். கூட்டிக் குறைச்சுச் சொன்னா எனக்கு வந்து சொல்லு" என்று ரயிலிலேயே சொல்லி வைத்தேன். இவர் உண்மையைச் சொன்னால் அவளும் கேட்பாளே என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

"ஏன் அம்மா எல்லாரும் பொய் சொல்லுறினம் எண்டு நினைக்கிறீங்கள்?" என்றாள். தங்கள் டீச்சர் அப்படி நினைக்கக் கூடாதென்று சொன்னவர் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

காத்திருக்கும் அறையில் மொழிபெயர்ப்பாளர் எழும்பி வந்து கை தந்தார். கோட்டும் கழுத்துப்பட்டியும். எங்களுடைய அகதி விசாரணைக்கு வந்த அதே துரைசிங்கம்! நான் ஏன் இதை முதலே யோசிக்கவில்லை? தமிழும் ஜெர்மனும் தெரிந்தவர் இந்தப் பக்கத்தில் எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள்? பொலிசுக்கும் அவர்தான், ஆஸ்பத்திரிக்கும் அவர்தான், அகதிக் கந்தோருக்கும் அவர்தான். கந்தோர்கள் ஆளோடை ஆள் கதைக்கத் தேவையில்லை. இரண்டுக்கும் ஒரே வாய்.

"அண்ணை, சுகமோ?" என்றார் அவர். இவருடைய முகம் வெளுத்துவிட்டது.

டொக்டர் வெள்ளைத் தலை, நல்ல சிரிப்பு. இவருடைய பாதத்தில் ஊசியால் குத்தினார். இவர் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். குத்துவதே இவருக்குத் தெரியவில்லை. வதனி முகத்தைச் சுளித்தாள். டொக்டர் இவருடைய கழுத்தைப் பார்த்தார், விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். பிறகு கதிரையில் இருந்து ஏதோ கேட்டார்.

துரைசிங்கம் இவருடைய பக்கம் திரும்பினார். "டொக்டர் கேக்கிறார், இஞ்சை வாறதுக்கு முதல் பூச்சி மருந்து, புல்லு மருந்து எண்டு ஏதும் பாவிச்சனீங்களோ எண்டு." பேனையை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். "யோசிச்சுச் சொல்லுங்கோ அண்ணை. நீங்கள் முந்தி எனக்கு முன்னாலை சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார் மெல்ல.

அது உதவியா வெருட்டலா? இன்றைக்கு வரைக்கும் நான் அந்தக் குரலை மனதுக்குள் போட்டுப் போட்டுப் பார்க்கிறேன், ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

இவர் என்னைப் பார்த்தார். பிறகு வதனியைப் பார்த்தார். அவள் கதிரையில் காலை ஆட்டிக்கொண்டு, நான் சொன்னபடி ஒரு சொல்லும் தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஓம்" என்றார் இவர். "பாவிச்சனான். பத்து வருஷம் தோட்டத்துக்கு மருந்து அடிச்சனான். முகத்துக்கு ஒண்டும் கட்டிறேல்லை."

என்னால் பொறுக்க முடியவில்லை. "தம்பி, அது புழுவுக்கு அடிக்கிற மருந்தெண்டு சொல்லுங்கோ. எங்கடை ஊரில புல்லுக்கு ஆர் மருந்து அடிக்கிறது? புல்லுப் பிடுங்கிறது பொம்பிளையள், கையால—"

இவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். நான் தோட்டத்தைப் பற்றித் தொடங்கினால் அவர்கள் இன்னும் கேட்பார்கள் என்ற பயம். விறைத்த கை, எவ்வளவு அழுத்துகிறார் என்று அவருக்கே தெரியவில்லை. எலும்பு நொறுங்குகிற மாதிரி வலித்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

டொக்டர் எழுந்து எல்லோருக்கும் கை தந்தார். வதனிக்கும் தந்தார். சிரித்தார்.

வெளியே நடைவழியில் வைத்து வதனியைப் பிடித்தேன். "என்ன, சரியாச் சொன்னவரோ?"

"ஓம் அம்மா, எல்லாம் சரியாத்தான் சொன்னவர். ஆனா தனக்கு ஞாபகம் இருக்கெண்டு அப்பாவுக்குச் சொன்னதை மட்டும் டொக்டருக்குச் சொல்லேல்லை." பிறகு தகப்பனைப் பார்த்து, "அவருக்கு முன்னால முந்தி என்ன சொன்னனீங்கள்?" என்றாள்.

"ஊர்க்கதை" என்றார் இவர்.

6

திரும்பி வரும் ரயிலில் இவர் யன்னலோரம் இருந்தார். பள்ளத்தாக்குக்குள் ஏறியதும் பாதையோரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். மலை முழுக்கப் பச்சை. தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் மட்டும் பழுப்பாக ஒரு கரை ஓடிக்கொண்டே வந்தது. இவர் கையால் அடித்தது. டொக்டரை இந்த ரயிலில் ஏற்றிக் காட்டியிருந்தால் என்ன என்று எனக்கு ஒரு விசர் யோசனை.

வதனியும் ஏதோ யோசித்துக்கொண்டுதான் வந்தாள்.

"அப்பா, அப்ப இது நீங்கள் ஊரில அடிச்ச மருந்தாலதானே வந்தது?"

இவர் அந்தக் கரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பிறகு ஏன் இஞ்சத்தை ஆக்களிட்டை உதவி கேட்டனீங்கள்? அவையில பிழை இல்லைத்தானே. அது சரியில்லை அப்பா."

எனக்கு உச்சி கொதித்தது. அடி விசரி, உன்ரை அப்பா ஒரு புல்லைக்கூடத் தொட்டதில்லையடி, உனக்காகத்தானடி அந்த மனிசன் தன்ரை வருத்தத்தையே விட்டுக் குடுத்தது என்று கத்த வாயெடுத்தேன். பெட்டிக்குள் நிறையச் சனம். அவளுக்கோ ஒன்பது வயது, கேட்டதை வைத்துக்கொண்டிருக்கத் தெரியாது. விழுங்கிக்கொண்டேன்.

"ஓம் பிள்ளை" என்றார் இவர். "சரியில்லைத்தான்."

பரிசோதகர் வந்து ரிக்கற் கேட்டார். இவர் சட்டைப் பைக்குள் கையை விட்டுத் துழாவினார், கடதாசி எது துணி எது என்று விரலுக்குத் தெரியவில்லை. வதனி எட்டி எடுத்துக் கொடுத்தாள்.

காப்புறுதிக்காரர் கைவிரித்துவிட்டார்கள். வருத்தம் சொந்த நாட்டில் செய்த தொழிலால் வந்திருக்கவே கூடுதல் சாத்தியமாம்.

7

எங்களை முகாமுக்கு அனுப்பவில்லை. கிராமத்து டொக்டரும் என் ஹோட்டல் முதலாளியம்மாவும் எங்கெங்கோ பேசினார்கள். இந்தப் பனிக்காலம் முடியும்போது இங்கே இருக்க அனுமதிக் கடிதம் வந்தது. மனிதாபிமான அடிப்படையிலாம். பிள்ளை இங்கே வேரூன்றிவிட்டாள், நன்றாகப் படிக்கிறாள், அவளைப் பிடுங்கி அனுப்புவது நியாயமில்லை என்று காரணம் சொல்லியிருந்தார்கள். துரைசிங்கம் வாய் திறந்ததாகவும் தெரியவில்லை, திறக்காததாகவும் தெரியவில்லை. தோட்டத்தைப் பற்றி, காணியைப் பற்றி, மருந்தைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. ஒரு சொல்! இவர் கமக்காரனாக இருந்தாரோ புடவைக்கடைக்காரராக இருந்தாரோ, அவர்களுக்கு அது ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை.

வதனி அதைப் படித்துக் காட்டியபோது இவர் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் அவரிடம் கண்டதில்லை. நான் குசினிக்குள் போய் அழுதேன்.

இப்போதாவது உண்மையைச் சொல்லிக் காப்புறுதிக்குத் திரும்ப விண்ணப்பிக்கலாமே என்று கேட்பீர்கள். பொய் சொல்லி வந்தவர்கள் என்று தந்த அனுமதியைப் பறித்துவிட்டால்? வதனியிடமாவது சொல்லலாமே என்றும் கேட்பீர்கள். அவள் இப்போது தகப்பனைப் பார்க்கிற பார்வையில் ஒரு இரக்கம் இருக்கிறது, தன் தவறால் தானே வருந்துகிறவர் மீது வருகிற இரக்கம். அதைப் பார்க்கும் ஒவ்வொரு தரமும் எனக்கு நாக்கு நுனி வரை வருகிறது. பள்ளிக்கூடத்தில் போய் யாரிடமாவது சொல்லிவிடுவாளே என்ற பயம் திரும்ப உள்ளே தள்ளிவிடுகிறது. என் பிள்ளையையே நான் சந்தேகப்படுகிறேன். இதுதான் இந்த நாட்டில் நான் கண்ட மிச்சம்.

அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்ற ஒரே துணிவில்தான் இதைத் தமிழில் எழுதி உங்களுக்கு அனுப்புகிறேன்.

ஆனால் போன கிழமை தொடக்கம் இவர் அவளுக்கு எழுத்துப் பழக்கத் தொடங்கியிருக்கிறார். நான் துணி பெட்டி போடுகிற நேரத்தில் இரண்டு பேரும் சலவை அறைக்கு வருவார்கள். ஆவி படிந்த யன்னல் கண்ணாடியில் இவர் விரலால் எழுதுவார், எழுத்துக் கோணும். வதனி அந்த விரலைப் பிடித்து நேராக்கிவிடுவாள். "ஏன் இப்ப திடீரெண்டு?" என்று இவரிடம் கேட்டேன். "பிறகு தேவைப்படும்" என்றார். நான் எழுதிக்கொண்டிருப்பது இவருக்குத் தெரியுமோ என்று ஒரு சந்தேகம்.

நான் தடுக்கவில்லை. நேற்று 'ப' வரைக்கும் வந்திருக்கிறாள். அவள் இதை எழுத்துக்கூட்டி வாசித்து முடிக்கிற அன்றைக்கு, அவளுடைய அப்பா திரும்பவும் புடவைக்கடைக்காரர் ஆவார்.